புகை வராத புகையடுப்பு

இனி என் வீட்டு வாசலில் கரி மூட்டை இறங்கக் கூடாது! ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்த கையோடு இப்படி ஒரு முடிவெடுத்தேன். காரணம் கரியில்லை. கரிக்காரன்.

மீமிசலில் ஹாஜா முகைதீன் கைலிக் கடை என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். கடையில் நான்தான் முதலாளி. கோட்டைப்பட்டினத்தில் என் வீட்டுக்கு யார் முதலாளி என்று கேட்டாலும் காட்டுவார்கள். ரஹ்மத் நிஷா. என் மனைவி. அவள் போடும் புகைமீனுக்கு அறந்தாங்கி வரை கிராக்கி. பழைய டீசல் பீப்பாயைப் படுக்க வைத்து, பக்கவாட்டில் ஒரு இரும்புப் பெட்டியை ஒட்டிய அடுப்பு அவளுடையது. பெட்டியில் கரி எரியும். சூடும் புகையும் பீப்பாய்க்குள் போய், அங்கே தொங்கும் மீனைப் பதமாக்கும். பினாங்கில் பார்த்துவிட்டு வந்து என் மாமனார் செய்துகொடுத்தது.

கரி கொண்டுவருபவன் சேவுகன். திருவரங்குளம் பக்கத்து ஆள். வெள்ளிக்கிழமை, என் கடைக்கு விடுமுறையான நாளில், மாட்டு வண்டியில் முந்திரிக்கட்டைக் கரி கொண்டுவருவான். கரிக்காரன் என்றால் கரிக்காரன் மாதிரி இருக்க வேண்டாமா? தோள் இரண்டும் பாய்மரக் கட்டை. பல்லெல்லாம் முத்து. அவன் வந்தால் நிஷா கதவுக்குப் பின்னால் நின்று பேசுவாள். பேசட்டும். சிரிக்கவும் செய்வாள். அந்தச் சிரிப்பு தெருமுனை வரை கேட்கும். அவளுக்குச் சிரிக்கத் தெரியும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"அப்படி என்ன சொன்னான்?"

"கரியப் பத்தித்தான் மச்சான்."

"கரியில சிரிக்கிறதுக்கு என்ன புள்ளே இருக்கு?"

"அவரு சொல்ற விதம் இருக்கே!" என்று மறுபடியும் ஆரம்பித்தாள்.

அவரு! கரிக்காரனுக்கு 'ரு' போட்டுவிட்டாள்! அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வயிற்றுக்குள் ஒரே புகைச்சல். மீனை என் வயிற்றில் தொங்கவிட்டிருந்தால் கரிச் செலவே இருந்திருக்காது.

அப்போதுதான் யோசனை வந்தது. திருச்சியில் கேஸ் அடுப்பு வந்திருந்த காலம். அங்கே ஒரு கல்யாண வீட்டில் பார்த்துவிட்டு வந்து நிஷா கேட்டபோது, "வெடிச்சா யாரு பதில் சொல்றது?" என்று நானே அதட்டியிருந்தேன். இப்போது, வெடித்தால் வெடிக்கட்டும் என்று பஸ் ஏறினேன்.

திரும்பும்போது சிலிண்டரைப் பார்த்து கண்டக்டர் மிரண்டார்.

"என்ன பாய் இது, குண்டா?"

"சீர்வரிசைங்க."

"ரெண்டும் ஒண்ணுதான், ஏத்துங்க" என்றார். கல்யாணமானவர்.

பெட்டியிலிருந்த கரித்தட்டைப் பிடுங்கி எறிந்தேன். அந்த இடத்தில் பர்னரை வைத்து ரப்பர் குழாயை மாட்டினேன். பிஸ்மி சொல்லித் தீக்குச்சியைக் கிழித்தேன். 'புஸ்'ஸென்று ஒரு நீலப் பூதம் கிளம்பியது. என் தாடியில் இடது பாதி போயிற்று. ஆனால் அடுப்பு எரிந்தது!

நிஷா எட்டிப் பார்த்தாள். "மச்சான், புகை எங்க?"

"வராது. அதான் கேஸோட விசேஷம்."

"புகையடுப்புல புகை வரலேன்னா, அது விசேஷமா, விஷமமா?"

மாலையில் பீப்பாயைத் திறந்தோம். மீன் வெந்திருந்தது. வெள்ளைவெளேரென்று, காய்ச்சல்காரனுக்குக் கொடுக்கும் பதத்தில். மறுநாள் மதியம் அறந்தாங்கி வியாபாரி வந்து நிற்பார். ஒரு சரக்கு கெட்டால் வேறு இடம் பார்த்துவிடுவார். நிஷா ஒரு வார்த்தை திட்டவில்லை. ஒரு பழைய இரும்புச் சட்டியை எடுத்தாள். கரி மூட்டையின் அடியில் கிடந்த முழுதும் கரியாகாத கட்டைத் துண்டுகளை அதில் போட்டு, பர்னர் மேல் வைத்தாள். பிறந்ததிலிருந்து பழகியவள் மாதிரி சிலிண்டர் திருகைக் குறைத்தாள். குபுகுபுவென்று புகை!

காலையில் புதிதாகத் தொங்கவிட்ட மீன், மதியத்துக்குள் பொன்னாக இறங்கியது. விசிற வேண்டாம். சாம்பல் அள்ள வேண்டாம். வியாபாரி இரண்டு பங்கு கேட்டுவிட்டுப் போனார்.

"மச்சானுக்கு மூளைதான்" என்றாள். எனக்குத் தரையில் கால் பாவவில்லை. கரியும் போயிற்று, கரிக்காரனும் போனான்!

வெள்ளிக்கிழமை வாசலில் மாட்டு வண்டிச் சத்தம். பாதித் தாடியோடு பாய்ந்தேன். சேவுகன் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தான்.

"இங்கிட்டு என்னய்யா வேலை? கரிதான் வேணாமுன்னு ஆச்சே!"

"கரி இல்ல பாய், கட்டை. கேஸுல வைக்க. அக்கா போன மாசமே சொல்லிவச்சாக."

"போன மாசமா? கேஸே இந்த வாரந்தான்யா வந்துச்சு!"

"வந்துரும்னாக. பாய் வீட்டுல இருக்க நாளாப் பாத்து வரச் சொன்னாக."

"சிரிச்சுச் சிரிச்சுப் பேசினியே, அது என்ன?"

"நான் எங்க பாய் சிரிச்சேன்? மூட்டைய எங்க போடன்னு கேட்டேன். அக்காதான் சிரிச்சாக. எனக்கே ஒண்ணும் வெளங்கல."

உள்ளே ஓடினேன். நிஷா மீன் கோத்துக்கொண்டிருந்தாள்.

"கேட்டா நான் வாங்கித் தந்திருக்க மாட்டேனா?"

"கேட்டேன். வெடிக்கும்னீங்க."

"அதுக்காக அந்த ஆளைப் பாத்துச் சிரிக்கிறதா?"

"அவரைப் பாத்து எங்க மச்சான் சிரிச்சேன்? நீங்க சன்னல் கம்பியப் புடிச்சு எட்டி எட்டிப் பாத்தீங்களே, அதப் பாத்துத்தான்."

போகட்டும், ஒரு ஆம்பிளையை ஒரு தடவைதான் ஏமாற்ற முடியும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

மீனுக்கு ஐஸ் கொண்டுவருகிற மரியசெல்வத்திடம் நேற்றிலிருந்து என்னவோ கேட்டுக் கேட்டுச் சிரிக்கிறாள். எதற்கென்று எனக்கு நன்றாகவே தெரியும். தானே ஐஸ் போடும் பெட்டி என்ன விலை என்று விசாரிக்க நாளைக் காலை பஸ்ஸில் திருச்சி போகிறேன்.