மஞ்சள் துணிக்குள் இருந்தது பயறுதான்

புக்கிட் பாஞ்சாங்,
சிங்கப்பூர்.
ஞாயிற்றுக்கிழமை மாலை

பாசமுள்ள பெரியம்மாவுக்கு ரோஷினி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் நன்றாக இருக்கிறோம். கரூரில் நீங்களும் பெரியப்பாவும் பெரியப்பாவின் முழங்காலும் அதேபோல் இருக்க வேண்டுகிறேன். வாட்ஸ்அப்பில் சொல்லாமல் கடிதம் எழுதுகிறேனே என்று நினைக்காதீர்கள். குரல் செய்தி அனுப்பினால் பெரியப்பா அதை ஸ்பீக்கரில் போடுவார், அடுத்த நிமிடம் உங்கள் தெருவுக்கே தெரிந்துவிடும். எதிர்வீட்டு ரத்னவேல் மாமா நாளைக்குத் திருச்சி போகிறார். அவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

முக்கியமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். மோகனப்பிரியா அக்கா எந்த வேண்டுதலும் செய்துகொள்ளவில்லை. தேர்வில் தோற்கவில்லை. யாரையும் காதலிக்கவில்லை. ஆகவே அவளைப் பல்கலைக்கழகத்திலிருந்து நிறுத்தித் தீபாவளியோடு ஊருக்கே கூட்டிப்போகும் எண்ணத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். நீங்கள் டிக்கெட் போட வேண்டாம்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். வீடியோ காலில் அக்காவுக்குப் பின்னால், விடுதி அறையின் ஜன்னலில் ஒரு மஞ்சள் துணி முடிச்சு தொங்குவதைப் பார்த்துவிட்டு நீங்கள் அம்மாவிடம் போனில் அழுதீர்கள் அல்லவா? “வேண்டிக்கிட்டாத்தானடி மஞ்சத் துணியில காசு முடிவாங்க? அதுவும் நாளுக்கு நாள் பெருசாகுது! தெனமும் காசு போட்டு முடியற அளவுக்கு இவ அப்படி என்னத்தடி சாமிகிட்ட கேக்குறா?” என்று நீங்கள் கேட்டது பக்கத்து அறையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த எனக்கே கேட்டது. அம்மாவுக்கும் அன்று இரவு சோறு இறங்கவில்லை. சின்னப் பெண் போனால் சந்தேகம் வராது என்று என்னை அனுப்பினார். நானும் துப்பறியும் கதைகள் நிறையப் படிப்பவள் என்பதால், ஒரு டப்பா தயிர்ச்சோற்றை மட்டும் சாக்காக எடுத்துக்கொண்டு நேற்று மத்தியானம் கிளம்பினேன்.

அறையில் அக்கா இல்லை. அவளுடைய அறைத்தோழி வெய் லிங் கதவைத் திறந்தாள். முடிச்சு நீங்கள் சொன்னதைவிடப் பெரிதாக இருந்தது பெரியம்மா, ஒரு தேங்காய் அளவு. என்ன இருந்தாலும் சாமி காரியம் என்று செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு கையாலும் அதைத் தாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். குளிர்ந்த தண்ணீர் முகத்தில் வழிந்து கழுத்து வரை இறங்கியது. வெய் லிங் பதறிக்கொண்டு ஓடிவந்து, “ஏய், அமுக்காதே லா! ராத்திரிக்குச் சாப்பிடணும்!” என்று இந்த ஊர் ‘லா’ போட்டு ஆங்கிலத்தில் கத்தினாள். சாமிக்கு முடிந்ததை இவர்கள் எப்படிச் சாப்பிடலாம் என்று எனக்குக் கோபம் வந்துவிட்டது. வேண்டுதல், நேர்த்திக்கடன், தெய்வக் குற்றம் எல்லாவற்றையும் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு முடிச்சை அவிழ்த்துக் காட்டினாள்.

பாசிப்பயறு. எல்லாம் வெள்ளை வால் விட்டு முளைத்திருந்தது. அதனால்தான் நாளுக்கு நாள் பெரிதாகியிருக்கிறது.

அப்போதுதான் அக்கா உள்ளே வந்தாள். ஈர முகத்தோடு என்னையும் அவிழ்ந்த மூட்டையையும் பார்த்ததுமே புரிந்துகொண்டாள்.

“யாருடி உன்ன அனுப்புனது? எங்கம்மாதானே?”

“தயிர்ச்சோறு கொண்டுவந்தேன்கா.”

“தயிர்ச்சோத்துக்கா இப்படி முழிக்கிற? சொல்லுடி.”

சொன்னேன். அவள் கட்டிலில் விழுந்து சிரித்தாள். “அது எங்கம்மா ஊறுகா பாட்டிலைச் சுத்திக் குடுத்த தாம்பூலப் பை! அதைக் கிழிச்சுத்தான் பயறு கட்டியிருக்கேன். அவங்க பையே அவங்களுக்கு அடையாளம் தெரியல!” என்றாள். கோபித்துக்கொள்ளாதீர்கள் பெரியம்மா, அப்படித்தான் சொன்னாள்.

விஷயம் இதுதான். கேண்டீனில் சைவக் கடையை மூடிவிட்டார்கள். விடுதிச் சமையலறையில் இருக்கும் சின்ன அடுப்பில் மாடி முழுவதும் முறை வைத்துச் சமைக்க வேண்டும். முளைகட்டினால் பயறு சீக்கிரம் வெந்துவிடும் என்று அக்கா தேக்கா சந்தையில் பயறு வாங்கி ஆரம்பித்திருக்கிறாள். அந்த வாசனைக்கு முதலில் வெய் லிங் வந்தாள். அவர்கள் வீட்டில் பாசிப்பயற்றைச் சர்க்கரை போட்டுக் கஞ்சிபோல் குடிப்பார்களாம். பிறகு அடுத்த மாடி அர்ஃபான் அவன் அம்மா கொடுத்த தெம்பே என்கிற மலாய்ப் பண்டத்தோடு வந்தான். தெம்பேகூடச் சோயா பயறுதான் என்று அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இப்போது அது ஒரு பெரிய கூட்டம். உங்கள் போனை அக்கா பாதியில் வைத்துவிட்டு ஓடுவது எந்தப் பையனிடமும் இல்லை, அடுப்பு முறை தவறிவிடக்கூடாதே என்றுதான். தேர்வுக்கு முந்தின நாள் மட்டும் யாரும் பயறு சாப்பிடக்கூடாது என்று அவர்களுக்குள் ஒரு சட்டம் இருக்கிறது. ஏன் என்று கேட்டேன். அர்ஃபான் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்துவைத்தான்.

பையன்களும் சாப்பிட வருகிறார்களே என்று நீங்கள் கேட்பீர்கள் என எனக்குத் தெரியும். அதையும் விசாரித்துவிட்டேன். மார்சிலிங்கைச் சேர்ந்த பிரேம் அண்ணன் ஒருவர்தான் தமிழ்ப் பையன். ஒருநாளும் தவறாமல் வருகிறாராம். நேற்று இரவும் வந்தார். நான் எதிரில் உட்கார்ந்து அவரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவர் அக்காவை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் குடித்து, கண் கலங்கக் கலங்கச் சாப்பிட்டார். அக்கா, “இன்னும் கொஞ்சம் போடவா?” என்றதும் உடனே தட்டை நீட்டினார். பாத்திரங்களையும் அவரே கழுவினார். பயறுமேல் இவ்வளவு பிரியம் வைத்திருப்பவருக்கு வேறெதன் மேலும் பிரியம் வைக்க நேரம் இருக்காது என்பது என் முடிவு.

அம்மாவிடம் வந்து சொன்னதும் அவர் நிம்மதியாக இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார். நீங்களும் சாப்பிடுங்கள். அக்காவுக்கு முகம் தெளிந்திருக்கிறது, கன்னத்தில்கூடக் கொஞ்சம் சதை வைத்திருக்கிறது. பெரியப்பாவுக்கு என் வணக்கம். உங்கள் வீட்டில் எல்லாரும் நோயில்லாமல், முக்கியமாகக் கவலையில்லாமல் இருக்கக் கடவுளை வேண்டும்,

உங்கள் அன்புத் தங்கை மகள்,
ரோஷினி

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் வாசல் மணி அடித்தது. நேற்று அக்கா எனக்குச் சுண்டல் போட்டுக் கொடுத்தனுப்பிய டப்பா பிரேம் அண்ணனுடையதாம். அதைத் திரும்ப வாங்க அவருடைய அம்மா சரசு ஆன்ட்டி முகவரி விசாரித்துக்கொண்டு மார்சிலிங்கிலிருந்து நேரில் வந்துவிட்டார். நான் டப்பாவைக் கழுவிக் கொடுத்து, “அண்ணன் பயறை ரொம்ப விரும்பிச் சாப்பிட்டார் ஆன்ட்டி” என்று மரியாதைக்குச் சொன்னேன். அவர் டப்பாவை வாங்கவே இல்லை. “யாரு, எங்க பிரேமா? பொறந்ததுலேருந்து ஒரு பயறு, ஒரு பருப்பு வாயில வச்சதில்லையே! சாம்பார்லகூட காயை மட்டும் பொறுக்கித் தின்னுட்டு எழுந்துருவான் லா!” என்று சோபாவில் உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கியதையும் சொன்னேன். “கலங்கும், கலங்கும்” என்றார். இப்போது அம்மா காபி போடுகிறார். ஆன்ட்டி அக்காவின் நட்சத்திரம் கேட்கிறார். மேலே நான் எழுதியதில் மஞ்சள் துணிக்குள் இருந்தது பயறு என்பது மட்டும்தான் உண்மை. டிக்கெட் போட்டுவிடுங்கள், பெரியம்மா.