அவளுக்காகவே எழுதின பாட்டு

பாட்டைக் கேட்டு ரசிக்கிறவர்களோடு எனக்கு ஒரு தகராறும் கிடையாது. பாட்டைக் கேட்ட மறுநிமிடமே அதை யார் தலையில் கட்டலாம் என்று ஆள் தேடுகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். 'பாட்டால் அடிப்பவர்கள்' என்று நான் இவர்களுக்குப் பெயர் வைத்திருக்கிறேன். நீங்கள் நிச்சயம் பார்த்திருப்பீர்கள். பார்த்ததே இல்லை என்று சாதித்தால், உங்களிடம் வாட்ஸப் இல்லை என்று அர்த்தம். அப்படி ஒரு பிறவி இன்றைக்கு இருக்க நியாயமில்லை.

இவர்களை அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். நல்ல பாட்டைக் கேட்டால் நீங்களும் நானும் கண்ணை மூடிக்கொள்வோம். இவர்கள் கண்ணைத் திறந்து சுற்றிலும் பார்ப்பார்கள். காதலைப் பற்றிய பாட்டு என்றால் இவர்களுக்குச் சப்பென்று இருக்கும். துரோகம், வஞ்சகம், நன்றி கெட்டதனம் என்று ஏதாவது வந்தால்தான் நிமிர்ந்து உட்காருவார்கள். "கரெக்டா எழுதிக்கீறான் பாரு" என்பார்கள். யாரைப் பற்றி என்று நீங்கள் கேட்க வேண்டியதில்லை, அவர்களே சொல்லிவிடுவார்கள்.

இரண்டு மாதமாக எங்கள் பக்கத்தை ஒரு பாட்டு பிடித்து ஆட்டிக்கொண்டிருக்கிறது. ஒருவரை ஒருவர் அரித்துத் தின்கிற உறவைப் பற்றிய பாட்டு. இப்போது அதற்கு டாக்ஸிக் என்று பெயர். முன்பெல்லாம் குடும்பம் என்று சொல்வோம். டீக்கடை, ஷேர் ஆட்டோ, செல்போன் ரிப்பேர் கடை, கல்யாண மண்டபம் (ஆமாம், கல்யாண மண்டபத்தில்தான், அதுவும் தாலி கட்டி அரை மணி நேரத்தில்) எங்கே போனாலும் அதே குரல்தான் அழுதுகொண்டிருக்கிறது.

எங்க எங்கன்னு கேட்டே
என்னைத் தொலைச்சிட்டே
சிரிச்சா காரணம் கேட்டே
சிரிப்பை மறக்க வெச்சிட்டே

மணவாள நகரில் என் மனைவியின் அக்கா எல்லம்மா இருக்கிறார். மருமகள் பெயர் நர்மதா. ஒரே வீடு, ஒரே சமையலறை. போன மாதம் போயிருந்தபோது ஃபிரிட்ஜின் மேல் இருந்த போன் இந்தப் பாட்டைப் பாடியது. ஈரக்கையோடு மாமியாரும் ஓடி வந்தார், மாவுக் கையோடு மருமகளும் ஓடி வந்தாள். இரண்டு பேருக்கும் அதே ரிங்டோன்! எல்லம்மா போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனதும் நர்மதா என் பக்கம் குனிந்தாள்.

"சித்தப்பா, பாட்டக் கேட்டீங்களா? அப்டியே எங்க அத்தையப் பாத்து எழுதினா மாரியே கீதுல்ல?"

நான் பொதுவாகத் தலையை ஆட்டினேன். எல்லம்மா திரும்பி வந்ததும், மருமகள் உள்ளே போகிறவரை பொறுத்திருந்து, குரலைத் தாழ்த்தினார்.

"பாட்டு எழுதினவன் நம்ம ஊட்டுக்கு வந்து போயிருப்பான் போலகீது தம்பி. ஒரு வரி உடாம அல்லாம் அவளப் பத்திதான்."

அதற்கும் தலையை ஆட்டினேன். விருந்தாளிக்கு வேறு என்ன வேலை?

ஆனால் இவர்கள் எல்லாம் சாதாரண ரகம். அசல் சரக்கைப் பார்க்க வேண்டும் என்றால் நீங்கள் காலை ஆறேகாலுக்கு ஆரம்பாக்கத்தில் எங்கள் கம்பெனி பஸ்ஸில் ஏற வேண்டும். அங்கேதான் குணாளன் இருக்கிறான்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், கார்களுக்கு உள்ளே போகிற ஒயர்களைக் கட்டுக் கட்டாகச் சேர்த்து அனுப்பும் கம்பெனி எங்களுடையது. நான் ஸ்டோர்ஸில் இருக்கிறேன். குணாளன் குவாலிட்டியில். வயது இருபத்தெட்டு. ஒயர் அரை மில்லிமீட்டர் நீண்டிருந்தாலும் கண்டுபிடித்துச் சிவப்புத் தொட்டியில் போடுகிறவன். கெட்ட பழக்கம் எதுவும் இல்லை. சிகரெட் இல்லை, குடி இல்லை. அவனுக்கு இருக்கிற ஒரே பழக்கம் கவிப்பிரியாதான்.

கவிப்பிரியா அசெம்பிளியில் வேலை செய்கிறாள். நான்கு வருடமாக நின்றபடியே ஒயர் கோக்கிறவள். இருவரும் மூன்று வருடமாகக் காதலிக்கிறார்கள் என்பது பஸ்ஸுக்கே தெரியும். இந்த மூன்று வருடத்தில் குணாளன் அவளுடைய போனின் பாஸ்வேர்டை வாங்கினான். லைவ் லொகேஷன் வாங்கினான். கேன்டீனில் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தினமும் போட்டோ வாங்கினான். போட்டோவில் அவள் சிரித்திருந்தால் ஏன் என்று கேட்டான், சிரிக்காமல் இருந்தால் என்ன பிரச்சினை என்று கேட்டான். அவள் கோபித்துக்கொண்டால் சாப்பிட மாட்டான். சாப்பிடாத பிரியாணியைப் போட்டோ எடுத்து அனுப்புவான். பிறகு, பாதிக்கப்பட்டவன் என்கிற முறையில், தினமும் காலை ஐந்தரைக்கு அவளுக்கு அந்தப் பாட்டையும் அனுப்புவான். கூடவே ஒரு வார்த்தை எழுதியிருப்பான்: கேளு.

ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை.

"இன்னாபா குணா, அந்தப் பொண்ணு உன்ன இன்னா பண்ணுச்சு?"

"உங்களுக்குத் தெரியாதுண்ணே. செம்ம டாக்ஸிக். நான் எங்க கீறேன்னு ஒரு நாளாவது கேட்டுக்கீறாளா? நான் மட்டும் நாப்பது தபா கேக்கறேன். பாசம் இருந்தா கேக்கணுமா இல்லியா, நீங்களே சொல்லுங்க."

பாருங்கள், அவன் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே அவன் கண் கலங்கியிருந்தது. இந்த இனத்தின் விசேஷமே அதுதான்: அடிக்கிறவர்களுக்குத்தான் வலி அதிகம்.

இந்தச் சமயத்தில்தான் புனே விஷயம் வந்தது. புனேயில் இருக்கும் எங்கள் இன்னொரு பிளான்ட்டில் மூன்று மாதப் பயிற்சி. முடித்துத் திரும்பினால் லைன் லீடர். நிற்கிற வேலை போய் நடக்கிற வேலை. இருபது பேருக்குப் பொறுப்பு. ஆரம்பாக்கம் பஸ்ஸிலிருந்து ஒரே பெயர்தான் வந்திருந்தது, கவிப்பிரியாவுடையது. சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு வெள்ளிக்கிழமை மாலைக்குள் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் வாய்ப்பு அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

குணாளன் போகக் கூடாது என்று சொல்லவில்லை. அவன் அப்படிச் சொல்கிற ஆளே இல்லை. "போ. போய்க்கினே இரு. நான் செத்தா மெசேஜ் வரும்" என்று மட்டும் சொன்னான். அன்றைக்கு மூன்று முறை பாட்டை அனுப்பினான். அந்த வாரம் முழுவதும் அந்தக் கடிதம் கையெழுத்தில்லாமல் அவள் டிபன் பைக்குள்ளேயே மடங்கிக் கிடந்ததை நான் பார்த்துக்கொண்டுதான் வந்தேன். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. "போம்மா, கையெழுத்துப் போடு" என்று சொல்ல வாய் வரை வந்தது. ஊர் வம்பு நமக்கெதற்கு என்று வாயை மூடிக்கொண்டேன். அதற்காக இன்னும் வெட்கப்படுகிறேன்.

எங்கள் பஸ்ஸின் சட்டம் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். ஒரு சீட்டுக்கு ஒரு பாட்டு. சீட் நம்பர் வரிசைப்படி முறை வரும். நேற்று எந்த நம்பரில் நின்றதோ இன்று அடுத்த நம்பரில் தொடங்கும். நம் முறையில் நாம் கேட்கிற பாட்டுதான், அது பக்திப் பாட்டானாலும் குத்துப் பாட்டானாலும் மற்றவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. மேனேஜரே ஏறினாலும் முறை மாறாது. டிரைவர் சுப்பராயன் இதில் கண்டிப்பானவர். குணாளன் சீட் இருபத்திரண்டு. நடுவில் ஆள் நடக்கிற வழியைத் தாண்டி, கவிப்பிரியா இருபத்து மூன்று.

அந்த வெள்ளிக்கிழமை காலை முறை இருபத்திரண்டுக்கு வந்தது. என்ன பாட்டு என்று சுப்பராயன் கேட்கக்கூட இல்லை. பாட்டு ஓடிய நான்கு நிமிடமும் குணாளன் திரும்பி அவளையே பார்த்தபடி, ஒவ்வொரு வரிக்கும் விரலை நீட்டி, வகுப்பு எடுப்பதுபோல் உட்கார்ந்திருந்தான். அவள் ஜன்னல் வழியே வயலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருவத்தி மூணு! கவி, இன்னா பாட்டும்மா?" என்றார் சுப்பராயன்.

"அதே பாட்டுண்ணே."

குணாளன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பின்னால் திரும்பி என் கையைப் பிடித்து அழுத்தினான். "பாத்தீங்களாண்ணே, புரிஞ்சிக்கினா."

பாட்டு தொடங்கியது. எங்க எங்கன்னு கேட்டே, என்னைத் தொலைச்சிட்டே.

"ஒரு நிமிஷம் நிறுத்துங்கண்ணே" என்று கவிப்பிரியா எழுந்து நின்றாள். பஸ்ஸில் இருந்த தலைகள் எல்லாம் திரும்பின. "குணா, நேத்து எங்க கீறே எங்க கீறேன்னு என்ன எத்தினி தபா கேட்டே?"

"அது பாசம்."

"எத்தினி தபா?"

"யார் எண்ணிக்கினு இருந்தா?"

"நான் எண்ணினேன். முப்பத்தியொண்ணு. போடுங்கண்ணே."

சிரிச்சா காரணம் கேட்டே, சிரிப்பை மறக்க வெச்சிட்டே. அவள் கையைக் காட்டினாள், பாட்டு நின்றது.

"போன வாரம் கேன்டீன்ல சிரிச்சதுக்கு ரெண்டு நாளா காரணம் கேட்டே. எங்க லைன்ல கீற ஷைனியோட கொழந்த நடக்க ஆரம்பிச்சதுன்னு சொன்னேன். நம்பாம ஷைனிக்கே போன் போட்டுக் கேட்டே. இது யாரு குணா பாட்டுல?"

"லூசு மாரி பேசாத கவி. பாட்டு உன்னப் பத்தி. நான்தான அனுப்பினேன்?"

"ஒயர கட்டினவங்களே அத செக் பண்ணி ஓகே போட்டுக்கக் கூடாதுன்னு எங்க லைனுக்கு வந்து க்ளாஸ் எடுத்தியே, நீதான?" என்றாள் அவள். "அப்ப உன்ன நீயே ஓகே போட்டுக்கினா எப்டி?"

யாரும் சிரிக்கவில்லை. நாற்பது பேரில் எத்தனை பேர் அந்த நேரம் தங்கள் போனில் கடைசியாக அனுப்பிய செய்தியை நினைத்துக்கொண்டார்களோ, எனக்குத் தெரியாது.

"பேஜாரு பண்ணாத, ஒக்காரு" என்றான் குணாளன். அவள் உட்காரவில்லை. சுப்பராயனைப் பார்த்துத் தலையசைத்தாள். மிச்சப் பாட்டு ஓடியது. கடைசி இரண்டு வரிகளை இதுவரை நாங்கள் யாரும் காது கொடுத்துக் கேட்டதே இல்லை. அதற்குள் எல்லோரும் அடிக்க ஆள் தேடப் போயிருப்போம்.

கதவு தொறந்துதான் கெடக்கு
காலு எனக்கும் இருக்கு

பஸ் சிப்காட்டுக்குள் திரும்பியது. கவிப்பிரியா டிபன் பையிலிருந்து கடிதத்தை எடுத்தாள். என் பக்கம் திரும்பி, "அண்ணே, பேனா இருக்கா?" என்றாள். ஸ்டோர்ஸ்காரன் சட்டைப்பையில் எப்போதும் இரண்டு பேனா இருக்கும். கொடுத்தேன். இந்த விவகாரத்தில் நான் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான். ஓடுகிற பஸ்ஸில், டிபன் டப்பா மூடியின் மேல் வைத்து, கையெழுத்து கோணலாகத்தான் விழுந்தது.

"தெனம் காத்தால அனுப்பி கேளு கேளுன்னு சொன்னே குணா" என்றாள். "கேட்டுட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை அவள் புனேக்கு ரயில் ஏறினாள். இப்போது அங்கே மராத்தியில் நான்கு வார்த்தை பேசுகிறாளாம், ஷைனி சொன்னாள். சிரித்து ஒரு போட்டோ அனுப்பியிருக்கிறாளாம், யாரும் கேட்காமலே.

குணாளன் திருந்தினானா என்று கேட்கிறீர்களா? அப்படிக் கேட்டால் இவ்வளவு நேரம் நான் சொன்னது எதுவும் உங்களுக்கு ஏறவில்லை. அந்த வெள்ளிக்கிழமை மதியம் சாப்பாட்டு நேரத்துக்குள் உடைந்த இதயத்தோடு அதே பாட்டு அவன் ஸ்டேட்டஸில் வந்துவிட்டது. சாம்பாரைப் பிசைந்தபடியே என்னிடம் சொன்னான்: "நான் ஆரம்பத்துலருந்தே சொல்லிக்கினு இருந்தேன்லண்ணே. அந்தப் பாட்டுல வர்ற ஆளு அப்டியே அவதான்."

வீட்டுக்கு வந்ததும் இந்தக் கதையை என் மனைவியிடம் ஒரு மணி நேரம் விஸ்தாரமாகச் சொன்னேன். நடுவில் அவள் இரண்டு முறை ஏதோ சொல்ல வந்தாள். சுவாரஸ்யம் கெட்டுவிடும் என்று கையமர்த்திவிட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு "ஓகோ" என்றாள். மறுநாள் காலையில் பார்த்தால் அவள் ஸ்டேட்டஸிலும் அந்தப் பாட்டு. அவளுடைய அக்காவுக்காக வைத்திருப்பாள் என்று நினைக்கிறேன். வேறு யாருக்காக வைக்கப்போகிறாள்?

சரி, என்னை விடுங்கள். இதைப் படித்துக்கொண்டு வந்தபோது உங்களுக்கு ஒரு முகம் ஞாபகம் வந்திருக்குமே? 'அப்படியே அவரைப் பற்றி எழுதியிருக்கிறான்' என்று தோன்றியிருக்குமே? அவருக்கு இதை அனுப்பலாம் என்று விரல் துடிக்கிறதா? தாராளமாக அனுப்புங்கள். அதற்கு முன்னால் ஒன்றே ஒன்றை மட்டும் யோசித்துப் பாருங்கள். இதை நீங்களாகத் தேடிப் பிடித்துப் படித்தீர்களா, அல்லது வீட்டில் யாராவது பக்கத்தைத் திருப்பி, "இதைக் கொஞ்சம் படிங்களேன்" என்று கையில் கொடுத்தார்களா?