அப்பா குடிக்கவில்லை என்பது பற்றி அண்ணனுக்கு

மதிப்புக்குரிய அண்ணன் அவர்களுக்குத் தம்பி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், என் மனைவி, மகள், மாப்பிள்ளை எல்லோரும் பார்ப்பதற்கு நலமாக இருக்கிறோம். அங்கே அண்ணியும் கல்யாணப் பெண்ணும் நலம் என்று நம்புகிறேன். உங்கள் நலத்தை மட்டும் விசாரிக்கப் போவதில்லை. விசாரித்தால் "எனக்கென்னடா, ராஜா மாதிரி இருக்கேன்" என்பீர்கள். அதைச் சொல்லும்போது ராஜா ஒரு கையால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டிருப்பார்.

இந்தக் கடிதம் எழுதுவதற்கு எனக்கு ஒரு மாதிரி கொடுத்திருக்கிறார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் மரபணு ஆலோசகர் என்று ஒரு அம்மா இருக்கிறார். பரம்பரை நோய் உள்ள வீட்டில் ஒருவருக்கொருவர் விஷயத்தைச் சொல்லத் தெரியாமல் திருதிருவென்று முழிப்பார்களாம். அதற்காகக் கடிதத்தை அச்சடித்தே வைத்திருக்கிறார்கள். "அன்புள்ள" என்று போட்டுக் கொஞ்சம் இடம், "நம் குடும்பத்தில்" என்று போட்டுக் கொஞ்சம் இடம், நாம் நிரப்பினால் போதும். பல நாடுகளில் இதுதான் நடைமுறையாம். மூன்று தாள் வாங்கி வந்து மூன்றையும் வீணாக்கினேன். "இந்தச் செய்தி உங்களுக்கு அதிர்ச்சி தரலாம்" என்ற வரி வந்ததும் ஒவ்வொரு முறையும் சிரிப்பு வந்துவிட்டது. உங்களுக்கா அண்ணா அதிர்ச்சி? ஆகவே என் சொந்த நடையிலேயே எழுதுகிறேன்.

எல்லாம் உங்கள் பெண்ணைப் பேசி முடித்த அன்று ஆரம்பித்தது. நீங்கள் பெருமையாக டீத் தட்டை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தீர்கள். காலை அகட்டி வைத்து இரண்டு அடி, அப்புறம் சுவர் பக்கம் ஒரு அடி, அப்புறம் பாதி டீ சம்பந்தியின் வேட்டியில். சம்பந்தி தன் மனைவியிடம் "கொஞ்சம் போடுவார் போலிருக்கு" என்று காதைக் கடித்தார். அது அண்ணி காதில் விழுந்தது. வேறு பெண்ணாக இருந்தால் நொறுங்கிப் போயிருப்பாள். நம் அண்ணி முகத்தில் அப்படி ஒரு நிம்மதி! "ஆமாங்க, அதை மட்டும் விடமாட்டேங்கறார், மத்தபடி தங்கம்" என்று பெருமூச்சு விட்டாரே, அந்த நடிப்புக்கு எங்கேயாவது பரிசு கொடுத்திருக்க வேண்டும். ஆனால் உங்களைத் தாங்கிப் பிடித்தவள் என் மகள். அவள் பிசியோதெரபி பார்க்கிறவள், நாள் முழுக்க அடுத்தவர் நடையை அளப்பதுதான் வேலை. வீட்டுக்கு வரும் வழியிலேயே கேட்டுவிட்டாள்.

"பெரியப்பா வாயில வாசனையே இல்லப்பா. தாத்தாவும் இப்படித்தான் நடந்தாரா?"

"தாத்தா குடிகாரரும்மா" என்றேன். யோசிக்கவே இல்லை. நாற்பது வருஷப் பழக்கம், வாய் தானாகச் சொன்னது.

அவள் என்னை நம்பாமல் அந்த ஆலோசகர் அம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனாள். அவளுக்கு முப்பத்து மூன்று வயது, இந்த வருஷம் குழந்தை வேண்டும் என்று இருக்கிறாள். அதற்கு முன் வீட்டில் என்ன ஓடுகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டுமாம். அந்த அறையில் மேசையே இல்லை. மூன்று நாற்காலி, கைக்கு எட்டும் தூரத்தில் முகம் துடைக்கும் காகிதப் பெட்டி, நம் முதுகுக்குப் பின்னால் கடிகாரம். அவர் நேரம் பார்ப்பது நமக்குத் தெரியாமல் இருப்பதற்காம்! நான் சும்மா போவேனா? முப்பத்தொரு வருஷம் வரைவுப் பிரிவில் கட்டட வரைபடம் போட்டவன். நான்கு தலைமுறையை மையில் வரைந்து, யார் யார் என்ன படித்தார்கள், என்ன உத்தியோகம் என்று கட்டம் கட்டி எழுதி எடுத்துப் போயிருந்தேன். அந்த அம்மா பார்த்து, "ரொம்ப அழகா இருக்கு, ஆனா இதுல யாருமே சாகலையே" என்றார்.

பிறகு அவரே பென்சிலால் வரைந்தார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவர் மேல் குறுக்கே ஒரு கோடு. ஒவ்வொருவராக எப்படி இறந்தார் என்று கேட்டார். தாத்தா படியில் விழுந்தார் என்றேன். அத்தை விழுந்தார், பெண்பிள்ளையைக் குடிகாரி என்று சொல்ல முடியாது என்பதால் அவருக்கு மட்டும் செருப்பு பெரிதாகிவிட்டது என்று வீட்டில் வைத்திருந்தோமே, அதையே சொன்னேன். அப்பா குடித்து விழுந்தார். மேலிருந்து கீழ்வரை நம் வீட்டில் எல்லோரும் விழுந்திருக்கிறார்கள், ஒருவர்கூட நோய் என்று படுக்கவில்லை. அந்த அம்மா பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்றார். "தரை வழுக்கும்" என்றேன். அவர் பேசாமல் இருந்தார். இரண்டு வருஷம் இதற்கென்று தனிப் படிப்பு படித்திருக்கிறாராம். அதில் பாதி சும்மா இருக்கப் பழகுவது போலிருக்கிறது. நானும் சளைக்கவில்லை. நானும் நம் அம்மா வளர்த்த பிள்ளைதானே.

கடைசியில் அவர் என் மகளிடம், "அப்பா சொன்னபடி பாத்தா குடிதான் காரணமா இருக்கலாம். ஆனா நான் வரைஞ்சிருக்கிறது அப்பா சொன்னதை மட்டும்தான்" என்றார். மகள் முதல் பாதியை மட்டும் கேட்டுக்கொண்டாள். நல்ல செய்தியை யார் வேண்டாம் என்பார்கள்? பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து, "அப்போ இந்த வருஷமேப்பா" என்றாள்.

அம்மா செய்ததை நான் குறை சொல்லவில்லை என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது சொல்கிறேன். அப்பா கால் தடுமாற ஆரம்பித்தபோது நாம் இருவரும் கல்யாண வயதுக்கு வந்துகொண்டிருந்தோம். "வியாதிக்கார வீட்டுக்கு எவன் பொண்ணு குடுப்பான்? குடிகாரன் வீட்டுக்குக் குடுப்பான். குடி அப்பனோட போயிடும்னு நினைச்சுக்குவான்" என்று அம்மா ஒரு கணக்குப் போட்டாள். எல்லா வீட்டிலும் பழைய பாட்டிலைப் பேப்பர்காரரிடம் போடுவார்கள். நம் அம்மா ஒருத்திதான் அவரிடமிருந்து வாங்கினாள்! வாசலுக்குப் பக்கத்தில் வரிசையாக அடுக்கி, தெருவுக்குத் தெரிகிறதா என்று வெளியே போய் நின்று பார்த்தாள். இருமல் மருந்து வாசனைக்கே மூக்கைப் பொத்துகிற மனுஷன் அப்பா. ஒருநாள் மதுவிலக்குச் சங்கத்தார் நான்கு பேர் வந்து அவருக்கு ஒரு மணி நேரம் புத்தி சொன்னார்கள். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு, விட்டுவிடுகிறேன் என்று சத்தியம் செய்து கொடுத்தார். அடுத்த வாரம் அவர் தள்ளாடிப் போனதைப் பார்த்து அவர்கள் காறித் துப்பிவிட்டுப் போனார்கள். ஆரம்பிக்காததை எப்படி விடுவார்? கடைசி நாட்களில் நாக்குக் குழறக் குழற என்னிடம் சொன்னார்: "ஒரே ஒரு தடவையாவது குடிச்சிருக்கலாம்டா." உங்களிடம் இதுவரை நான் இதைச் சொன்னதில்லை.

அதனால்தான் போன ஞாயிறு உங்கள் வீட்டுக்கு வந்தேன். வந்ததற்கு நல்ல மரியாதை கிடைத்தது. நோய் என்று வாயைத் திறந்ததுமே நீங்கள் கதவைச் சாத்தினீர்கள், அதுவும் மூன்றாவது முயற்சியில்தான் தாழ்ப்பாள் அகப்பட்டது.

"மாப்பிள்ளை வீட்டுல நான் குடிகாரன்னு தெரிஞ்சும் பெரிய மனசு பண்ணி ஒத்துக்கிட்டாங்கடா. இப்போ போய் 'மன்னிச்சுக்குங்க, நான் குடிக்கிறதே இல்லை'ன்னு சொல்லச் சொல்றியா?"

"இவர் குடியை விட்டுட்டார்னா கல்யாணம் நின்னுடும் தம்பி" என்று அண்ணி அழுதார். உலகத்தில் எந்தப் பெண்டாட்டியும் இப்படி அழுதிருக்க மாட்டாள்.

மறுநாள் தனியாக ஆலோசகர் அம்மாவிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் அழிப்பானை எடுத்து, அப்பாவுடைய சதுரத்துக்குப் பக்கத்தில் எழுதியிருந்த "குடி" என்பதைப் பதற்றமில்லாமல் அழித்தார். ஒரு கருத்தரங்கில் பல நாட்டு ஆலோசகர்கள் சேர்ந்து உட்கார்ந்து, தங்களிடம் வரும் குடும்பங்கள் எதையெல்லாம் மறைக்கின்றன என்று பேசிக்கொண்டார்களாம். ஒரு நாட்டில் சாபம் என்கிறார்களாம், ஒரு நாட்டில் நரம்புத் தளர்ச்சி, ஒரு நாட்டில் சண்டையில் பட்ட அடி. "எல்லா ஊர்லயும் நாங்க வரையற படம் ஒண்ணுதாங்க, சொல்ற கதைதான் வேற" என்றார். இது சிறுமூளை தேய்கிற நோயாக இருக்கலாம், அப்பன் ஆத்தாளில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர இரண்டில் ஒரு வாய்ப்பு, ஏற்கெனவே நோய் வந்தவரின் ரத்தத்தில் முதலில் தேடினால்தான் மற்றவருக்குச் சரியாகப் பார்க்க முடியும் என்றார். நோய் வந்தவர் என்றால் இன்று உயிரோடு இருப்பது நீங்கள்தான். ஒரு சின்னக் குழாய் ரத்தம், அவ்வளவுதான்.

"உங்களுக்கு எப்படி இருக்கு?" என்று என்னையும் கேட்டார். அறுபத்தொன்று ஆகிறது, வருவதாக இருந்தால் இதற்குள் வந்திருக்கும் என்றேன். என் மகள் என்னதான் செய்வது, அதையாவது சொல்லுங்கள் என்றேன். மறுபடியும் "நீங்க என்ன நினைக்கிறீங்க?" எனக்குக் கோபம் வந்துவிட்டது. "படிச்சவங்க நீங்க, ஒரு முடிவைச் சொல்லுங்களேன்" என்று கத்தினேன். "முடிவு உங்க மகளோடதுங்க. என்னோடதும் இல்லை, உங்களோடதும் இல்லை" என்றார். பிறகுதான் அந்த அச்சடித்த கடிதத்தைக் கொடுத்தார்.

அன்றே மகளிடம் உண்மையைச் சொன்னேன். சண்டை போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். "எத்தனை நாளாப்பா தெரியும்?" என்று மட்டும் கேட்டாள். "எப்பவுமே தெரியும்மா" என்றேன். "இருக்கா இல்லையான்னு தெரியாம நான் ஒரு குழந்தையைக் கூப்பிட மாட்டேன்ப்பா. பெரியப்பாவைக் கேளுங்க" என்றாள். அதிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறாள். பெரியப்பா வருகிறாரா, பெரியப்பா எப்போது வருகிறார் என்று.

ஆகவே அண்ணா, வாருங்கள். நான் வண்டி வைத்து அழைத்துப் போகிறேன். உங்கள் பெண்ணும் இதே படத்தில் ஒரு வட்டம்தான். அவளிடம் மறைத்துக் கட்டிக் கொடுத்தால் நாளை அவள் பிள்ளையும் எங்கேயாவது செருப்பு தடுக்கி விழும். அம்மா பயத்தில் பொய் சொன்னாள், படிக்காதவள். நமக்கு என்ன சாக்கு இருக்கிறது? பொய் சொன்ன வாயால் நான் உண்மையைச் சொல்லிப் பார்த்துவிட்டேன், உயிர் ஒன்றும் போய்விடவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் வராவிட்டால் நான் நேராகச் சம்பந்தி வீட்டுக்குப் போய், எங்கள் அண்ணன் ஒரு சொட்டுக்கூடக் குடிக்கமாட்டார் என்று போட்டுக் கொடுத்துவிடுவேன். அப்புறம் தம்பி கெடுத்துவிட்டான் என்று சொல்லக்கூடாது.

அண்ணிக்கு என் வணக்கம். கல்யாணப் பெண்ணுக்கு என் ஆசி. அவள் நூறு வருஷம் நிமிர்ந்து நடக்கட்டும். உங்களுக்கு என்ன சொல்லி முடிப்பதென்று தெரியவில்லை, விழாமல் இருங்கள்.

இப்படிக்கு,
உண்மையை மட்டுமே விரும்பும்
தம்பி

பி.கு.: இந்தக் கடிதம் ஆறு நாளாக என் பையிலேயே இருக்கிறது. நீங்கள் வரவேண்டாம். செவ்வாய்க்கிழமை, ஆலோசகர் அம்மா அனுப்பிவைத்த நரம்பு டாக்டர் என்னை ஒரு காலின் விரல்களை ஒட்டி மறு காலின் குதிகாலை வைத்து நேராக ஏழு அடி நடக்கச் சொன்னார். மூன்றாவது அடியில் நர்ஸ் பிடித்துக்கொண்டார். என் ரத்தத்தையே எடுத்துக்கொண்டார்கள், இனி உங்களுடையது தேவையில்லை. மகளிடம் பெரியப்பா கொடுத்துவிட்டார் என்று சொல்லியிருக்கிறேன். நோய் வந்தது உங்களுக்கு மட்டும், எனக்கு இருக்கிறதா என்று தெரியாது என்றால் அவளுக்கு நாலில் ஒன்று. எனக்கு வந்துவிட்டது என்றால் இரண்டில் ஒன்று. அதை அவளிடம் சொல்ல என்னால் முடியவில்லை அண்ணா. "நான் சொல்லமாட்டேன், ஆனா அவங்க நேரா கேட்டா பொய்யும் சொல்லமாட்டேன்" என்று ஆலோசகர் அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவள் கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன் என்று சொல்லி வந்திருக்கிறேன். இப்போதைக்கு அவள் இங்கே வருவதற்கு முன்பே நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறேன், அவள் போன பிறகுதான் எழுந்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு நன்றி சொல்லப் போன் செய்வாள், அழுதாலும் அழுவாள். "பரவாயில்லம்மா, ஒரு ஊசிதானே" என்று மட்டும் சொல்லுங்கள். அவளுக்குக் கேள்வி கேட்கத் தெரியும், அதனால் மேற்கொண்டு பேசாமல் போனை அண்ணியிடம் கொடுத்துவிடுங்கள்.