சாவியில் சுற்றிய தங்கத் தாள்

786

நாகூர்,
செவ்வாய் இரவு

அன்பும் மரியாதையும் நிறைந்த வாப்பா அவர்களுக்கு மகள் அனீஸா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கு உம்மா, நான், தம்பி, கார் நால்வரும் சுகம். கார் மட்டும் இன்று மதியத்திலிருந்துதான் சுகம். ஷார்ஜாவில் உங்கள் உடம்பும் கடையும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். வெள்ளிக்கிழமை போனில் இதைச் சொல்ல முடியாது. நான் பேசும்போது உம்மாவும் ரிசீவரில் காதை ஒட்டிக்கொள்வார்கள். அதனால் உம்மா தூங்கியபின் எழுதுகிறேன். தயவுசெய்து உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

வாப்பா, டிரைவர் துரைராசு அண்ணன் காரிலிருந்து எதையும் கழற்றவில்லை. கெடுத்தது நான்.

போன புதன்கிழமை சாயங்காலம் காருக்குள் உட்கார்ந்து வாதாங்கொட்டை தின்னப் பார்த்தேன். உடைக்கக் கல் வேண்டுமென்றால் இறங்கிப் போக வேண்டும், வெளியே வெயில், சாவியோ கையிலேயே இருந்தது, அதன் கறுப்புத் தலையும் கல் மாதிரிதான் இருந்தது. மூன்றாவது அடியில் கொட்டை அப்படியே இருக்க, சாவியின் தலை பிளந்துவிட்டது. நீங்கள் கொண்டுவந்த சாக்லேட்டின் தங்கத் தாள்களைப் புத்தகத்துக்குள் சேர்த்து வைத்திருந்தேன் அல்லவா, அதில் ஐந்தை எடுத்து இறுக்கிச் சுற்றி, அதற்கு மேல் கறுப்பு டேப் ஒட்டி, ஆணியில் மாட்டிவிட்டேன். பார்க்க முன்பைவிட நன்றாகவே இருந்தது.

மறுநாள் வேதாரண்யத்தில் பாத்திமா மாமி மகள் கல்யாணம். உம்மா பட்டுப்புடவை கட்டி, பரிசுப் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு பின் சீட்டில் உட்கார்ந்தாயிற்று. அண்ணன் சாவியைத் திருப்பினார். கிர்ர் கிர்ர் என்று சுற்றுகிறது, பிடிக்கவே இல்லை. முன்னால் சாவிப் படம் போட்ட சிவப்பு விளக்கொன்று கண்ணைச் சிமிட்டியது. அது என்னவென்று உம்மா கேட்டதற்கு, புது வண்டியில் அழகுக்கு என்னென்னமோ வைக்கிறார்கள் என்றார் அண்ணன். மெக்கானிக் நெய்னா முகம்மது மாமா வந்து பிளக்கைத் துடைத்தார், பேட்டரியை மாற்றினார், எலி ஒயரைக் கடித்திருக்கும் என்று படுத்துத் தேடினார், எலியும் இல்லை. எட்டுப் பேர் தள்ளினார்கள். வண்டி ஓடியது, எஞ்சின் ஓடவில்லை. ஆமினா மாமி வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு நின்றதில், மாமி வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் கொல்லைப்பக்கமாகப் போய் வந்தார்கள். நாங்கள் நாகப்பட்டினம் போய் பஸ் மாறி, பாத்திரத்தை ஆள் மாற்றி ஆள் மடியில் கொடுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது மாப்பிள்ளையே சாப்பிட்டு முடித்திருந்தார்.

வெள்ளிக்கிழமை நீங்கள் போனில், "அவன்தான் ஏதோ சாமான கழட்டி வித்துட்டான், சாவிய வாங்கிட்டு நிறுத்து"ன்னு சொன்னீங்கல்ல. உம்மா சாவியை வாங்கிப் பார்த்து, இந்த டேப்பைச் சுற்றியது யார் என்று கேட்டார்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். அண்ணன் என்னை ஒரு தடவை பார்த்தார்.

"நான்தாம்மா. தலை ஒடஞ்சிருந்துச்சு, சுத்தினேன்."

அவர் சுற்றவில்லை வாப்பா. தாள் என்ன, டேப் என்ன என்று எதுவுமே அவருக்குத் தெரியாது. ஆனால் உடையாத வாதாங்கொட்டையைச் சீட்டுக்கடியிலிருந்து கூட்டியது அவர்தானே, ஆள் யாரென்று புரிந்திருக்கும். முன் சீட்டில் போட்டிருந்த தன் துண்டை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வரலை. ராத்திரி சோத்துக்கும் வரலை.

இன்று தஞ்சாவூரிலிருந்து கம்பெனி ஆள் வந்தார். வண்டியைத் தொடவே இல்லை. சிமிட்டும் விளக்கைப் பார்த்துவிட்டு, இன்னொரு சாவி இருக்கிறதா என்று கேட்டார். உம்மா பீரோவில் புடவைகளுக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். ஒரே திருப்பு, கிளம்பிவிட்டது. தெருவே அல்ஹம்துலில்லாஹ் சொன்னது, ஆமினா மாமி சத்தமாகவே சொன்னார். திருடன் கள்ளச்சாவி போட்டு ஓட்டாமல் இருக்க, சாவித் தலைக்குள் ஒரு சிப் வைத்திருக்கிறார்களாம், அது அடையாளம் சொன்னால்தான் எஞ்சின் பிடிக்குமாம். பிறகு பழைய சாவியின் டேப்பை உரித்தார், தங்கத் தாள் ஒவ்வொன்றாக வந்தது. "தகரத்துல மூடுன மாதிரி மூடியிருக்கு. சாவி சொல்றது வண்டிக்குக் கேக்கவே இல்லம்மா. மொகத்த மூடிக்கிட்டு வந்தா வீட்டுக்காரரையே நாய் கொலைக்குந்தானே" என்று சிரித்தார். உம்மா சிரிக்கவில்லை. "அந்த துரைராசு வேணும்னே செஞ்சிருக்கான் பாத்தியா" என்றார்கள். திருட்டுப் பட்டம் போய் இப்போது சதிகாரப் பட்டம்.

கார் கிளம்பிய சத்தம் கேட்டபோது அஞ்சு நாளா நெஞ்சுல ஏறி உக்காந்திருந்தது எறங்கிப்போன மாதிரி இருந்துச்சு வாப்பா. இதை எழுதியதும் மிச்சமும் இறங்கிவிட்டது. நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் உம்மா அவரைத் திரும்பக் கூப்பிடுவார்கள். எனக்கு என்ன தண்டனை என்றாலும் சரி, அடுத்த லீவுக்கு நீங்கள் வந்தபின் கொடுங்கள், அதற்குள் கொஞ்சம் ஆறியிருக்கும். அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளையும், இதைப் படிக்கும் நேரத்தில் நிறையப் பொறுமையையும் தருவானாக.

தங்கள் அன்பு மகள்,
அனீஸா

பின்குறிப்பு (புதன் மாலை): வாப்பா, மேலே எழுதியபடி எதுவும் செய்ய வேண்டாம். காலையில் தபாலில் போடலாம் என்று கடிதத்தோடு பள்ளிக்கூடம் போகக் கிளம்பினால், எங்கள் பள்ளிக்கூட வேனின் டிரைவர் சீட்டில் துரைராசு அண்ணன் உட்கார்ந்திருக்கிறார். பழைய டிரைவர் துபாய் போய்விட்டாராம். நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லி, வாப்பா உங்களைத் திரும்பக் கூப்பிடுவார்கள் என்றேன். "கூப்புடச் சொல்லாத பாப்பா. இங்க ஞாயித்துக்கெழமை லீவு. ஒங்க வீட்ல அன்னிக்குங்கூட ஊர் ஊரா கல்யாணம்" என்றார். அதனால் காருக்கு நீங்கள் வேறு ஆள் பாருங்கள். அவர் எதையும் எடுக்கவில்லை என்பதை மட்டும் உம்மாவிடம் சொல்லிவிடுங்கள், அது போதும் என்கிறார். அவருடைய வேனுக்குச் சிப் எல்லாம் கிடையாது, பத்துப் பிள்ளைகள் இறங்கித் தள்ளினால்தான் கிளம்பும். இன்று முதல் ஆளாக இறங்கியது நான்தான்.