தளபதி ஹயருக்கு நின்ற கதை

மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியும் என்று நான் சொன்னது பொய் அல்ல. இரண்டு நாள் முன்கூட்டியே சொல்லிவிட்ட உண்மை. அதற்குள் பழகிவிடலாம் என்று நினைத்தேன்.

ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு, பெறுபேறு வரும்வரை அப்பாவின் த்ரீவீலைக் கண்டி நகரில் வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்த காலம். ஹுன்னஸ்கிரியப் பக்கம் சினிமாப் படப்பிடிப்பு நடக்கப் போவதாகச் சிநேகிதன் நிஸாம் செய்தி கொண்டுவந்தான். மோட்டார் சைக்கிளில் பறந்துபோய்ப் பணயக் கைதிகளை மீட்கும் சிப்பாய்களின் கதை. (எந்த நாட்டுச் சிப்பாய்கள் என்று கேட்காதீர்கள். சீருடையே ஊதா நிறம். நிஜ நிறத்தில் தைத்தால் நிஜ ஆட்கள் விசாரிக்க வருவார்கள் என்று இயக்குநருக்குப் பயம்.) பன்னிரண்டு பேர் தேவை. தளபதிக்கு மட்டும் ஒரு குளோசப்: கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, மலையைப் பார்த்து, "பின்னால வாங்க!" என்று ஒரு வசனம்.

திரை நிறைய வரப்போகும் அந்த முகம் என்னுடையதாகத்தான் இருக்க வேண்டும்!

"ஏழு வருஷமா பைக்தான்ணே ஓட்டுறேன்" என்றேன் இயக்குநரிடம். (எனக்கு அப்போது வயது பத்தொன்பது. அவர் கழித்துப் பார்க்கவில்லை.) தளபதி நான்தான் என்று முடிவானது. மாலைக்குள் எங்கள் மஹய்யாவப் பகுதி முழுவதும் செய்தி பரவியது. பரப்பியவனும் நான்தான். தியேட்டருக்குக் கட்டிப்போக அம்மா சேலையே எடுத்து வைத்துவிட்டார்.

நிஸாம் தன் வாப்பாவின் பைக்கில் என்னைப் பழக்கினான். "போறது சரிடா மச்சான். நிக்கத்தான் ஒனக்கு ஏலாம ஈக்கிது" என்றான்.

"தளபதி எங்கடா நிக்கிறான்? போய்க்கிட்டே இருப்பான்!"

படப்பிடிப்பு நாளில் தலைக்கவசங்களை எல்லாம் த்ரீவீலில் ஏற்றிக்கொண்டு போய் இறங்கினேன். இயக்குநர் சொன்னார்: "தம்பி, வளைவுல ஊர் சனம் சந்தோஷத்துல கைகாட்டும். நீ திரும்பாத. நேரா மலையப் பாத்துக்கிட்டே போ."

புறப்பட்டோம். முன்னால் நான், பின்னால் வாப்பாவின் பைக்கில் நிஸாமும் மற்றவர்களுமாகப் பதினொரு எஞ்சின்களின் உறுமல். வளைவில் நின்ற தேயிலைத் தோட்டத்து அக்கா ஒருவர் ஆர்வமாகக் கையை உயர்த்தினார்.

இனி நடந்ததற்கு என் மூளை பொறுப்பல்ல. மாதக்கணக்காக, ரோட்டோரம் ஒரு கை உயர்ந்தால் எனக்கு அது ஒரு ஹயர், ஒரு சவாரி. விரல்கள் தாமாகவே பிரேக்கை அழுத்தின. பைக் ஓரமாக ஒதுங்கியது. தலைக்கவசத்தோடு எட்டிப் பார்த்து, பணிவாகக் கேட்டேன்:

"எங்கக்கா போகணும்?"

பாவம், அவரும் நடிப்பை மறந்துவிட்டார். "டவுனுக்குத்தான் தம்பி. எவ்வளவு எடுப்பீங்க?"

பதில் சொல்ல நேரமில்லை. த்ரீவீல் நிறுத்தினால் தானாக நிற்கும். பைக்குக்குக் காலை ஊன்ற வேண்டும். இது ஞாபகம் வருவதற்குள் நான் ரோட்டோர வடிகால் கானுக்குள் கிடந்தேன். என்மீது ஏறாமலிருக்க நிஸாம் தேயிலைக்குள் பாய்ந்தான். அவன்மீது ஏறாமலிருக்க அடுத்தவன் பாய்ந்தான். எதிரி ஒருவன்கூட இல்லாமலே ஒரு படைப்பிரிவு முழுவதும் தேயிலைச் செடிகளின்மேல் ஊதா ஊதாவாகப் பூத்திருந்தது.

நல்லவேளை, எவருக்கும் சிராய்ப்புக்கு மேல் ஒன்றுமில்லை. "ஏன்ட வாப்பா என்னைக் கொல்லப்போறாரு!" என்று ஒரு செடி மட்டும் அலறியது.

இயக்குநர் வந்து நின்றார். "ஏழு வருஷமா நீ எதடா ஓட்டுன?"

"ஏழு மாசம்ணே... த்ரீவீல்."

என் கண்ணாடியைக் கழற்றி நிஸாமின் கையில் கொடுத்தார். குளோசப் போயிற்று. அம்மாவின் சேலை கண்ணுக்குள் வந்தது.

கானோரம் நான் குந்தியிருக்க, அடுத்த சிக்கல் வந்தது. கெமரா ஏற்றிய ஜீப்புக்கு அந்த ஒடுங்கிய வளைவில் திரும்ப முடியவில்லை. இயக்குநர் ஜீப்பைப் பார்த்தார், என் த்ரீவீலைப் பார்த்தார், கடைசியில் என்னையும் பார்த்தார்.

"குலுங்காம ஓட்டுவியா?"

"இத நிஜமாவே ஓட்டுவேன்ணே."

த்ரீவீலின் பின்திரையைக் கழற்றிவிட்டு, கெமராக்காரர் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்தார். சிப்பாய்கள் துரத்த, இரண்டு நாள் அவர்களுக்கு முன்னால் ஓட்டினேன். ஒரு குழிகூடக் கெமராவுக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு இன்னும் இரண்டு படங்களுக்கு இயக்குநரே கூப்பிட்டார்.

படம் கண்டிக்கு வந்தது. குடும்பத்தோடு போனோம். திரை நிறைய நிஸாமின் முகம். அம்மா காதோரம் கேட்டார்: "நீ எங்கடா?"

"அவனுக்கு முன்னாலதாம்மா போறேன், கெமராவ ஏத்திக்கிட்டு. அவன் பாக்குறதே என்னையத்தான்."

அம்மா கொஞ்சம் யோசித்தார். பிறகு முழு வரிசைக்கும் கேட்கும்படி சொன்னார்: "இப்ப தியேட்டர்ல இருக்கிற எல்லாரையும் ஏத்திக்கிட்டுப் போறது நம்ம பையன்தான்!"

அன்றிலிருந்து எங்கள் வீட்டு டிவியில் எந்தக் காட்சி நகர்ந்தாலும் அம்மாவுக்கு அதன் ஓட்டுநர் நான்தான். நேற்றுச் செய்தியில் வானத்திலிருந்து மகாவலி கங்கையைக் காட்டினார்கள். அம்மா பதறிப்போய்க் கத்தினார்:

"டேய், ஆத்துக்குள்ள விட்டுறாத! அப்பாவோட வண்டிடா!"