பழைய சிஸ்டத்தின் ஆவி

கம்ப்யூட்டருக்கும் பேய் பிடிக்கும் என்பது தெரியாமலே இத்தனை வருடம் வாழ்ந்துவிட்டோமே என்று ஊரே வெட்கப்பட்டுக்கொண்டிருந்தது. நல்லவேளை, அதை ஓட்ட ரீஸ்டார்ட் மாஸ்டர் வந்து சேர்ந்தார்.

அவர் இருந்த மாடி ஹாலுக்கு ஏறும் படிக்கட்டில் காலையிலிருந்தே வரிசை. ஒருவர் லேப்டாப்பைத் தலையணை உறைக்குள் போட்டு மார்போடு அணைத்திருந்தார். இன்னொருவர் தள்ளுவண்டியிலிருந்து குழந்தையை இறக்கிவிட்டுக் கம்ப்யூட்டரை உட்காரவைத்திருந்தார். குழந்தை பின்னால் நடந்து வந்தது. அதற்குப் பேய் பிடிக்கவில்லையே, என்ன செய்வது!

மாஸ்டரின் தத்துவம் சுருக்கமானது.

"நீங்க புது சிஸ்டத்துக்கு அப்கிரேடு பண்ணீங்க. பழைய சிஸ்டம் செத்துப்போச்சு. ஆனா வீட்டை விட்டுப் போச்சா? போகலை! உள்ளயே உக்காந்து புதுசோட கழுத்தைப் புடிக்குது. அதான் மிஷின் மூச்சு வாங்குது."

ஆதாரமும் உண்டு. ஒரு கம்ப்யூட்டரைத் திறந்து, 'பழையது' என்று பெயர் போட்ட ஃபோல்டரைக் காட்டுவார். "பாருங்க, சமாதி!" கூட்டம் இரண்டடி பின்வாங்கும். அப்கிரேடு செய்த எந்தக் கம்ப்யூட்டரிலும் கொஞ்ச நாளைக்கு அது இருக்கும். புதுசு பிடிக்காவிட்டால் பழையதற்கே திரும்பலாம் என்று சிஸ்டமே கட்டிவைக்கும் மூட்டை அது. இதைச் சொல்ல அங்கே ஆளில்லை. சொல்லியிருந்தாலும், பேய்க் கதை கேட்க வந்த இடத்தில் மூட்டைக் கதை யாருக்கு ருசிக்கும்?

பிறகு செப்புக் கோல். கம்ப்யூட்டர் மேல் வைத்தால் 'உர்ர்' என்று உறுமும். உறுமினால் ஆவி. அது உறுமாத நாளே கிடையாது. உடனே கம்ப்யூட்டர் திரைச்சீலைக்குப் பின்னால் போகும். வரும்போது குதிரை மாதிரி ஓடும். என்ன, உள்ளே இருந்ததெல்லாம் காணாமல் போயிருக்கும்.

"ஆவி குடியிருந்த ஃபைலும் அதோடயே போயிடும். அது உங்க தியாகம்" என்பார் மாஸ்டர்.

பாட்டு டீச்சர் ஒருவர் தன் மாணவர்கள் பாடிய பதிவு அத்தனையும் தியாகம் செய்துவிட்டு, கும்பிட்டு நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

தையல் வகுப்பு நடத்தும் அண்ணிக்கு மறுநாளைக்கு முறை கிடைத்திருந்தது. அவர் வரைந்த சட்டை, கவுன், கோட்டு அளவுப் படங்கள் எல்லாம் அந்தக் கம்ப்யூட்டரில்தான். அவை போனால் வகுப்பும் போச்சு.

"போனா போகட்டும்மா. ஆவியோட எப்படிக் குடும்பம் நடத்துறது?" என்று வீட்டில் நாத்தனாரிடம் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார் அண்ணி.

"எங்கண்ணனோட நடத்துறீங்களே, அதைவிடவா?" என்றாள் நாத்தனார். அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எதையும் போட்டுப் பார்க்காமல் விடையை ஒத்துக்கொள்ளாத ஜாதி. "அழாதீங்க அண்ணி. நாளைக்கு நானும் வர்றேன். அதுக்கு முன்னாடி அந்த ஸ்க்ரூ டிரைவரைக் குடுங்க."

மறுநாள் அண்ணியின் கம்ப்யூட்டர் மேஜைமேல் ஏறியது. மாஸ்டர் கண்ணை மூடினார். கோலை வைத்தார். 'உர்ர்ர்ர்!'

"அடேயப்பா! சாதாரண ஆவி இல்லம்மா. குடும்பத்தோட இருக்கு!"

"எங்க மாஸ்டர் இருக்கு?" நாத்தனார் பவ்யமாகக் கேட்டாள்.

"டிஸ்க்குல. டிஸ்க்கோட அடிவயித்துல."

"நல்லாத் தெரியுதா?"

"உன்னைப் பாக்குற மாதிரி தெரியுது!"

நாத்தனார் பக்கவாட்டு மூடியைக் கழற்றினாள். டிஸ்க் இருக்கவேண்டிய இடம் பல் விழுந்த ஈறு மாதிரி காலியாக இருந்தது. கைப்பையைத் திறந்து டிஸ்க்கை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"ராத்திரியே கழட்டிட்டேன். டிஸ்க் என் பையில. அப்ப அங்க உறுமினது யாரு?"

மாஸ்டர் கோலை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அது... ஆவி உன் கைப்பைக்கும் மிஷினுக்கும் போய் வந்துட்டு..."

"பஸ்லயா?" என்றது வரிசையிலிருந்து ஒரு குரல். கூட்டம் சிரித்துவிட்டது. சிரிக்க ஆரம்பித்த கூட்டத்தை எந்த மாஸ்டராலும் ஆள முடியாது. யாரோ கோலைப் பிடுங்கிப் பார்த்தார். கைப்பிடியில் கட்டைவிரலுக்கு வாகாக ஒரு பொத்தான். தள்ளுவண்டிக்காரர் தன் வழுக்கைத் தலைமேல் வைத்து அழுத்தினார். 'உர்ர்!' "எனக்கும் அப்கிரேடு ஆயிடுச்சுடா!"

நாத்தனார் திரைச்சீலையை விலக்கினாள். உள்ளே ஒரு நாற்காலி, பாதி குடித்த டீ, ஒரு பென் டிரைவ். அவ்வளவுதான் ஆவி ஓட்டும் ஆயுதம்.

"டிஸ்க்கைத் துடைச்சிட்டு சிஸ்டத்தைப் புதுசாப் போடுறார். நல்ல வேலைதான். அப்கிரேடுக்கு அப்புறம் மிஷின் இழுத்துச்சுன்னா யாரும் செய்றதுதான். ஆனா துடைக்கிறதுக்கு முன்னாடி ஃபைலை எடுத்துவைக்கணும். அதுக்குச் சோம்பல். சோம்பலுக்குப் பேரு தியாகம்!"

செய்தி கேட்டு ஓடிவந்த பாட்டு டீச்சர் மாஸ்டரைத் தேடினார். மாஸ்டர் பின்படி வழியாக இறங்கியிருந்தார். கம்ப்யூட்டரில் காட்டாத வேகத்தைக் காலில் காட்டினார்.

அங்கேயே டிஸ்க்கை மாட்டி, அண்ணியின் படங்களைத் தான் கொண்டுவந்திருந்த வெளி டிஸ்க்கில் எடுத்தாள் நாத்தனார். "திறந்து பாருங்க அண்ணி, சரியா வந்திருக்கா?" அண்ணி ஒரு கோட்டைத் திறந்தார், ஒரு கவுனைத் திறந்தார், தலையாட்டினார். வெளி டிஸ்க்கைக் கழற்றிய பிறகுதான் துடைப்பு. திரையில் கோடு மெல்ல நகர, எல்லோரும் கிரிக்கெட் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். புது சிஸ்டம் எழுந்தது. படங்கள் திரும்பின. அண்ணி ஒவ்வொன்றாகத் திறந்து, காணாமல் போய் வந்த பிள்ளையைத் தடவுவதுபோல் திரையைத் தடவினார்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். நாத்தனார் திரும்பிப் பார்த்தாள். அவள் முன்னால் வரிசை நின்றது.

"டீச்சரம்மா, உங்க கை ராசியான கை. இதையும் கொஞ்சம் தொட்டுக் குடுங்க."

"தொடுறதுக்கு ஒண்ணுமில்ல. உக்காருங்க, நீங்களே செய்யலாம். என்ன பண்ணணும்னு திரையிலயே வரும், படிச்சுப் படிச்சு அழுத்துங்க."

"படிக்கணுமா?" என்று மூன்று பேர் வரிசையை விட்டு விலகினார்கள்.

போகட்டும். எழுதியிருப்பதைப் படிக்காமலே 'சரி' என்று அழுத்துகிற விரல்கள் இருக்கும்வரை மாஸ்டர்களுக்குப் பஞ்சமில்லை. ஐயா, அம்மா, மிஷின் கூட அழிப்பதற்கு முன்னால் 'நிச்சயமாகவா?' என்று ஒரு தடவை கேட்கிறது. நீங்களும் கேளுங்களேன்!