மாமியார் சாவுக்கு லீவு

காத்தவராயனுக்கு நெஞ்சு வலித்தது. பஞ்சுப் பொதியை இறக்கி வைத்தும் பாரம் நெஞ்சை விட்டு இறங்கவில்லை. மில் கேண்டீனில் சோடா கொடுத்தார்கள். ஏப்பம் வந்தது, வலி போகவில்லை. மேஸ்திரி ஜானகிராமன் முதுகில் நாலு குத்து விட்டார். மூச்சும் சேர்ந்து அடைத்தது. பிறகுதான் ரிக்‌ஷாவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்.

அவசரப் பிரிவு டாக்டர் ஈ.சி.ஜி. தாளை நீட்டிப் பார்த்தார்.

"வயசு?"

"இருபத்தெட்டுங்க."

"மாரடைப்பு வர்ற வயசில்ல. ஆனா தாள் சரியில்லியே. போன வாரம் காய்ச்சல் கீய்ச்சல் வந்துச்சா?"

காத்தவராயன் மேஸ்திரியைப் பார்த்தான். ஐந்து நாள் காய்ச்சலில் கிடந்தது உண்மை. ஆனால் அந்த வருஷம் காய்ச்சல் என்று பொய் சொல்லியே மூன்று முறை லீவு எடுத்திருந்தான். நாலாவது காய்ச்சலுக்கு வேலை போய்விடும் என்று மேஸ்திரி எச்சரித்திருந்தார். அதனால் நிஜக் காய்ச்சலுக்கு மாமியாரைச் சாகடித்து லீவு எழுதினான்.

"காய்ச்சல் இல்லீங்க. மாமியார் செத்துட்டாங்க. அழுதேன்."

"அழுது அழுது நெஞ்சு புடிச்சிருக்கும் சார்," என்றார் மேஸ்திரி.

"அப்ப மெஷின்தான் கோளாறு," என்று டாக்டர் வாயு மாத்திரை எழுதினார். "வேலைக்குப் போலாம்."

"எழுந்திருடா, நாப்பது பொதி கெடக்கு," என்றார் மேஸ்திரி.

எழுந்தான். காய்ச்சல் என்றால் வேலை போகும், இல்லையென்றால் உயிர் போகும். வேலை நிரந்தரம், உயிர் எப்படியும் தற்காலிகம்தானே என்று வாயை மூடிக்கொண்டான்.

"மாப்ள!"

வாசலில் கஞ்சித் தூக்கோடு செல்வாம்பாள்.

"யாரும்மா நீங்க?" என்றார் டாக்டர்.

"மாமியாரு."

நர்ஸ் ஸ்டெல்லாமேரி சிலுவை போட்டுக்கொண்டாள். மேஸ்திரி சுவரோடு ஒட்டினார்.

"அஞ்சு நாளு அனலாக் கொதிச்சாருங்க. நாந்தான் ஈரத்துணி போட்டேன். தேறாமயே மூட்ட தூக்கப் போயிட்டாரு."

டாக்டர் மருந்துச் சீட்டைக் கசக்கி எறிந்தார்.

"காய்ச்சல் நெஞ்சுத் தசைக்குள்ள எறங்கியிருக்குய்யா! இதயமே வீங்கிக் கெடக்கு. இன்னொரு பொதி தூக்கியிருந்தா அங்கியே முடிஞ்சிருப்ப. படு! மூணு மாசத்துக்கு தம்ளரத் தவிர எதையும் தூக்கக் கூடாது."

காத்தவராயன் படுத்தான். உயிர் தப்பியது. இனி வேலைதான் தப்ப வேண்டும்.

"மேஸ்திரி, மேனேஜர்கிட்ட சொல்லிடுவீங்களா?"

ஜானகிராமன் வேர்த்த முகத்தோடு செல்வாம்பாள் பக்கம் குனிந்தார்.

"எப்பிடிச் சொல்றது? மில் சார்புல உங்க சாவுக்கு மாலை போடப் போறேன்னு நானும் ரெண்டு நாள் லீவு எடுத்துட்டேம்மா. உங்களுக்கு ஒரு ரோசாப்பூ மாலை பாக்கி."